கறுப்பு வெல்வெட்டா, மரப்பட்டையா?

பாம்பைப் படம் எடுக்க எதன் மேல் வைப்பது? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் வளரும் கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு) நல்ல செம்மஞ்சள். கறுப்பு வெல்வெட்டில் வைத்தால் தணல் மாதிரி எழுந்து நிற்கும். வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் நிழலும் தெரியாது. ஆனால் கேமரா இருட்டு என்று ஏமாந்து பாம்பை வெளுக்கடித்துவிடும். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் வெளிச்ச அளவை) ஒரு ஸ்டாப்பாவது, அதாவது பாதியாகவாவது, குறைக்க வேண்டும். அப்புறம் தூசி! உரித்த சட்டையின் துணுக்கு ஒன்று ஒட்டினாலும் படத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பாதி நேரம் செலோடேப்பால் ஒற்றி எடுப்பதிலேயே போய்விடுகிறது.

மரப்பட்டையில் இந்தத் தொல்லை இல்லை. சொரசொரப்பை வயிற்றுச் செதில்கள் பற்றிக்கொள்வதால் பாம்பு நிதானமாகக் கிடக்கும். நாக்கு வெளியே வரும் கணத்துக்குக் காத்திருக்கலாம். என் ஓட்டு பட்டைக்குத்தான். பழுப்பு நிற ஹவுஸ் ஸ்நேக் என்ற வேறு வகைப் பாம்பு என்றால் மட்டும் வெல்வெட்: பட்டையில் அது கரைந்துவிடும், செதிலின் வானவில் மினுக்கமும் கறுப்பில்தான் எடுபடும்.