பேய் நோம்பிக்கு 899 ரூபாய்

கோயம்புத்தூரில் அவிநாசி ரோட்டை ஒட்டி உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிற ரெஸ்டாரண்டில், 2025 அக்டோபர் 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஹாலோவீன் நைட் என்று போட்டிருந்தார்கள். தலைக்கு 899 ரூபாய், மொட்டை மாடியில் பேய் வீடு, கீழே பஃபே, வேஷம் போட்டு வந்தால் பரிசு. நாங்கள் நாலு பேர் போனோம். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அங்கே வேலை செய்த பையன்கள் ராத்திரி பத்தரை மணி வரை பேய் வேஷத்திலேயே தட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள், என் புலம்பலால் அவர்கள் பிழைப்பில் மண் விழ வேண்டாம். ஆனால் இந்த மாதிரி நைட் இப்போது எல்லா ஊரிலும் ஆரம்பித்துவிட்டதால், அடுத்த வருஷம் காசு கட்டுவதற்கு முன்னால் யாராவது படித்துவிட்டுப் போகட்டும்.

நான் இருப்பது திருப்பூர். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டுப் பையரிடம் ஆர்டர் பேசி அனுப்பி வைக்கிற வேலை. சாதாரணமாக வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு என்னை ஆபீஸை விட்டு வெளியே பார்க்க முடியாது, பையர் மெயில் போட ஆரம்பிக்கிற நேரமே அதுதான். 2025இல் கதை வேறு. ஆகஸ்ட் 27இல் இருந்து அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டதில் எங்கள் செக்ஷனில் பாதி ஆர்டர் நின்றுவிட்டது, ஒன்றரை ஷிப்ட் ஓடிய லைனில் ஒரு ஷிப்ட் ஓடுகிறது. தீபாவளி நோம்பிக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் நிறையப் பேர் இன்னும் திரும்பி வரவில்லை, திருப்பூரில் அது எப்போதும் உள்ளதுதான், ஆனால் இந்தத் தடவை போன் போட்டுக் கூப்பிடவும் ஆள் இல்லை. சும்மா உட்கார்ந்து பழைய பைல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கியூசி இந்த விளம்பரத்தைக் காட்டினாள். அவள் பெயர் கியூசி இல்லை, குவாலிட்டி செக்ஷனில் இருக்கிறாள், எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிப்பாள், அதனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவளும், அக்கவுண்ட்ஸில் இருக்கும் இன்னொரு தோழியும், கார் ஓட்டுவதற்கு கியூசியின் தம்பியும்.

ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூர்க்காரர்களுக்கு ஹாலோவீன் புதிதே இல்லை, ஆனால் எங்களுக்கு அது ஏப்ரல், மே மாதத்தில் வரும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே டேபிள் டேபிளாக எலும்புக்கூடு பிரிண்ட் போட்ட குழந்தை பனியன் தைத்துக்கொண்டிருப்போம். பிசிறு வெட்டும் அக்காக்கள் மடியில் வௌவாலும் மண்டை ஓடுமாகக் குவிந்து கிடக்கும். ஜூலைக்குள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினால்தான் அவர்கள் கடைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். அப்புறம் நாங்கள் கிறிஸ்துமஸ் ஆர்டருக்குப் போய்விடுவோம், அக்டோபர் 31 வரும்போது எங்களுக்கு ஞாபகமே இருக்காது. 2024இல் தீபாவளியே 31ஆம் தேதிதான் வந்தது, யார் நினைத்தார்கள்! எட்டு வருஷமாக இந்த உடுப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவையாவது போட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியதுதான் நான் போனதற்கு உண்மையான காரணம்.

வேஷத்துக்குச் செலவு கம்மி. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் விற்கிற கடையில் குடைந்ததில் கறுப்பு டீசர்ட்டில் விலா எலும்பு போட்டது மூன்று கிடைத்தது, ஒன்று 120 ரூபாய். இருட்டில் ஒளிரும் பிரிண்ட். ஒன்றில் இடது பக்கம் ஒரு விலா எலும்பே இல்லை, ஸ்கிரீன் நகர்ந்திருக்கிறது, அதனால்தான் ரிஜெக்ட். கியூசி அதைத்தான் எனக்குக் கொடுத்தாள்.

வீட்டில் அம்மாவிடம் பேய் நோம்பிக்குப் போகிறேன் என்றேன். சஷ்டி விரதம் முடித்து, திங்கட்கிழமை சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வந்தவர் அம்மா, நான்கே நாளில் மகள் எலும்புக்கூடு சட்டை போட்டு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலைத் தாண்டுகிறாள். "ஏன் அம்மிணி, பேய்க்கெல்லாமா நோம்பி கும்புடுவாங்க?" என்றார். மேலே ஒரு துப்பட்டா போர்த்திக்கொண்டு போகச் சொன்னார். போர்த்திக்கொண்டுதான் போனேன்.

புது மேம்பாலத்தில் முதல் தடவை போனோம். கோல்டுவின்ஸில் ஏறினால் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர், அக்டோபர் 9ஆம் தேதிதான் திறந்தார்கள், ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் ஹோப்ஸ் சிக்னலிலேயே பாதி உயிர் போய்விடும். இப்போது வண்டி பறக்கிறது, பறந்ததில் தம்பி இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு உப்பிலிபாளையம் வரை போய்க் கீழ்ரோட்டில் திரும்பி வந்தான். மிச்சம் பிடித்த நேரம் அங்கேயே செலவாகிவிட்டது. பார்க்கிங் இல்லை, தெரு முனையில் ஒரு மருந்துக்கடை முன்னால் போடச் சொன்னார்கள், மருந்துக்கடைக்காரர் முறைத்தார். காரில் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் அலங்காரம் நன்றாகவே இருந்தது, அதற்கு முழு மார்க். பத்துப் பன்னிரண்டு அரசாணிக்காயை, அதாவது மஞ்சள் பூசணியை, குடைந்து கண் மூக்கு வாய் வெட்டி உள்ளே விளக்கு வைத்திருந்தார்கள். அயர்லாந்தில் இதை முதலில் டர்னிப் கிழங்கில்தான் வெட்டினார்களாம், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களுக்கு அங்கே பூசணி சுலபமாகக் கிடைத்ததால் அதற்கு மாறிக்கொண்டார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் எங்கள் தெருவில் புது வீடு கட்டுகிறவர் சாரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிற திருஷ்டிப் பூசணிதான் ஞாபகம் வந்தது. அதுவும் காய்தான், அதற்கும் பல்லும் முழியுமாக ஒரு ராட்சச மூஞ்சி, அதுவும் கெட்டது அண்டாமல் இருக்கத்தான். நம் ஆட்கள் உள்ளே விளக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆயுத பூஜை முடிந்து ரோட்டில் உடைத்த பூசணியில் வண்டி வழுக்கி விழுந்தவள் என்ற முறையில், குடைந்து விளக்கு வைக்கிற பழக்கம் எவ்வளவோ தேவலை என்பேன்.

பேய் வீட்டுக்கு வருவோம். மொட்டை மாடியில் கம்பு நட்டுக் கறுப்புத் துணி கட்டி சந்து சந்தாகப் பிரித்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கியூசி செய்த முதல் வேலை துணியைத் தடவிப் பார்த்தது. "இது நம்ம 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி" என்று பனியன் துணியின் எடையையும் ரகத்தையும் சொன்னாள் இருட்டில். இரண்டாவது திருப்பத்தில் தையல் விட்டிருந்தது, அந்த இடைவெளியில் மேம்பாலத்து விளக்கு வரிசையாகத் தெரிந்தது. பேய் வீட்டுக்குள் நிற்கும்போது பாலத்தில் போகிற வண்டியின் நம்பர் பிளேட் தெரியாத குறைதான். ஸ்பீக்கரில் ஒரு நரி ஊளை, அது நாற்பது விநாடிக்கு ஒரு தடவை சுற்றிச் சுற்றி அதே ஊளை. மூன்றாவது தடவை தம்பி சேர்ந்து ஊளையிட்டான். மொத்தமே ஐந்து நிமிஷம், அதற்கு முக்கால் மணி நேரம் படிக்கட்டில் வரிசை.

நடுவில் ஒரு இடத்தில் ஊதாக் குழல் விளக்கு போட்டிருந்தார்கள். இங்கேதான் எங்கள் டீசர்ட் வேலையைக் காட்டியது. ஒளிரும் பிரிண்ட் சும்மா ஒளிராது, முதலில் வெளிச்சத்தைக் குடிக்க வேண்டும், கறுப்புத் துணி என்றால் அடியில் வெள்ளை அடிச்சாயம் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மங்கிப்போகும். இது ஒழுங்காக அடித்த பிரிண்ட். படிக்கட்டு டியூப்லைட்டில் முக்கால் மணி நேரம் குடித்த வெளிச்சம், மேலே அந்த ஊதா விளக்கு வேறு, மூன்று பேருடைய விலா எலும்பும் பச்சையாகப் பளிச்சென்று எரிந்தது. மூலையில் வெள்ளை அங்கியும் ஜடாமுடியுமாகப் பதுங்கியிருந்த பையன் எங்கள் மேல் பாய வேண்டும், அவன் திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போய் அக்கவுண்ட்ஸ் காலை மிதித்துவிட்டான். "சாரிக்கா, அடி பட்டுருச்சாக்கா?" என்று பேய் கேட்டது. அதோடு எல்லாம் போச்சு, சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம். அந்தப் பையனுக்கு மட்டும் தனியாக ஐந்து ஸ்டார் கொடுக்கலாம்.

சின்ன வயதில் லீவுக்குக் காங்கேயம் பக்கம் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டுக்குப் போவோம். கரண்டு போன ராத்திரியில் அம்மிச்சி சொல்வார், "இருட்டுல ஆராச்சும் பேரச் சொல்லிக் கூப்புட்டா ஒடனே ஏன்னு கேக்கக் கூடாது கண்ணு, மூணாவது வாட்டி கூப்புட்டாத்தான் கேக்கோணும்." அப்புறம் சாதாரணமாகப் படுத்துத் தூங்கிவிடுவார். நான் விடிய விடிய யாராவது இரண்டு தடவை கூப்பிடுகிறார்களா என்று எண்ணிக்கொண்டு கிடப்பேன். இந்த வயதிலும் ராத்திரி யாராவது கூப்பிட்டால் சட்டென்று பதில் சொல்ல மாட்டேன். கடைக்காரர்கள் நரி ஊளைக்குப் பதில் யாராவது ஒருத்தரை மூலையில் நிறுத்தி, வந்தவர்கள் பெயரை டிக்கெட்டில் பார்த்து மெல்ல ஒரே ஒரு தடவை கூப்பிட வைத்திருந்தால் போதும், ஒரு பயல் தனியாகப் பாத்ரூம் போயிருக்க மாட்டான். செலவும் இல்லை.

சாப்பாடு. இங்கேதான் எனக்கு வருத்தம். வெள்ளிக்கிழமை, நானும் கியூசியும் கவுச்சி தொடுவதில்லை, கோயம்புத்தூரில் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. பஃபேயில் பதினான்கு ஐட்டத்தில் எங்களுக்கு இருந்தது ஒரு பனீர், ஒரு கோபி மஞ்சூரியன், சோறு, அப்புறம் சூனியக்காரி சூப் என்று பெயர் எழுதிய தக்காளி சூப். பனீர் ஒன்பது மணிக்குத் தீர்ந்தது, கேட்டதற்கு இதோ வருது இதோ வருது என்றார்கள், வரவில்லை. கட்டணம் மட்டும் எல்லாருக்கும் அதே 899. கவுச்சி சாப்பிடுகிறவர்களுக்குக் குறை இல்லை என்று தம்பி சொல்கிறான். பாதாம் பருப்பை நகமாகச் செருகிய சிக்கன் விரல் இருந்தது, பார்க்க அருவருப்பாக, அதாவது அவர்கள் நினைத்தபடியே இருந்தது. டிராகுலா சிக்கன் என்று எழுதியிருந்ததை ஒரு வாய் வைத்துவிட்டுத் தம்பி சிரித்தான். தேங்காய்ச் சில்லு, சின்ன வெங்காயம், விதை எடுத்த வரமிளகாய். "அக்கா, இது பள்ளிபாளையம் சிக்கன்!" மூன்று தடவை போய் வாங்கினான். டிராகுலா நாமக்கல் மாவட்டத்துக்காரர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கவுண்ட்ஸ் பாதியிலேயே மணி பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவள் கத்தோலிக்கக் குடும்பம். நவம்பர் 1 புனிதர்கள் திருநாள், அதற்கு முந்தின ராத்திரி என்பதால்தான் ஹாலோவீன் என்ற பெயரே வந்தது என்று சாப்பிடும்போது அவள்தான் சொன்னாள். 2ஆம் தேதி கல்லறைத் திருநாள், இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமையே போய்ப் பாட்டி கல்லறையில் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், செவ்வந்திக்குச் சொல்லி வைக்க வேண்டும், மெழுகுவர்த்தி வாங்க வேண்டும். சுவரில் அட்டையில் வெட்டி ஒட்டியிருந்த கல்லறைகளைப் பார்த்தாள். "எங்க பாட்டியோடது இதைவிட நல்லா இருக்கும்" என்றாள். எங்களையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். போவோம் என்று நினைக்கிறேன்.

பில்லில் ஒரு சின்னச் சண்டை. டிக்கெட்டில் சேராத மாக்டெய்லுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தனி பில் வந்தது, அதில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று தானாகவே போட்டிருந்தார்கள். இது நாம் விருப்பப்பட்டால் கொடுக்கிறது, கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று 2022இலேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அக்கவுண்ட்ஸ் அதை மேனேஜரிடம் குரலை உயர்த்தாமல் சொன்னாள், அவர் ஒன்றும் பேசாமல் எடுத்துவிட்டார். கேட்காத மற்ற டேபிள்காரர்கள் கட்டிவிட்டுப் போனார்கள். நீங்கள் எங்கே போனாலும் பில்லின் கடைசி நாலு வரியைப் படியுங்கள்.

வேஷப் பரிசு எனக்குக் கிடைத்தது. ஒரு விலா எலும்பு இல்லாததைப் பார்த்துவிட்டு நான் வேண்டுமென்றே அப்படிச் செய்துகொண்டு வந்தேன் என்று நினைத்துவிட்டார்கள், நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பரிசு, வாசலில் குடையாமல் மிச்சம் வைத்திருந்த ஒரு முழு அரசாணிக்காய். ஆறு கிலோவுக்குக் குறையாது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடைக்குப் பக்கத்துத் தள்ளுவண்டியில் காளான் சாப்பிட்டோம். கோயம்புத்தூர்க் காளானில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் சாப்பிடுகிறோம். கொழகொழவென்று சூடாக, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும், பிளேட் 40 ரூபாய். அன்றைக்கு எனக்கும் கியூசிக்கும் வயிறு நிறைந்தது அதில்தான். கியூசி இரண்டு பிளேட் சாப்பிட்டாள், ஒரு குறை சொல்லவில்லை.

ஆக, வேஷம் போட்டு நாலு பேர் சேர்ந்து சிரித்துவிட்டு வர வேண்டும் என்றால் போகலாம், கவுச்சி சாப்பிடுகிறவராக இருந்தால் காசுக்கு மோசமில்லை. பயப்பட வேண்டும் என்று போகாதீர்கள், குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். ஐந்துக்கு இரண்டரை. சரக்கில் எவ்வளவு குறை வரை விடலாம் என்கிற அளவுக்கு எங்கள் தொழிலில் ஏகியூஎல் என்று பெயர்; கியூசி ஏகியூஎல் 2.5இல் இது பாஸ் ஆகாது, ரீசெக் போடணும் என்கிறாள்.

மறுநாள் காலையில் அம்மா திண்ணையில் அந்த அரசாணிக்காயைப் பார்த்தார். "தொள்ளாயிரம் ரூவாயக் குடுத்து அரசாணிக்கா வாங்கியாந்தயா? சந்தைல பாதிக் காயி முப்பது ரூவா சாமி!" எங்கள் வீட்டில் முழுக் காயைப் பொம்பளைகள் முதலில் வெட்டுவதில்லை, அப்பா வரும்வரை அது எலும்புக்கூடு டீசர்ட்டுக்குப் பக்கத்தில் திண்ணையிலேயே இருந்தது. மதியம் பொரியல், நன்றாகவே இனித்தது. விதையைக் கழுவி முறத்தில் காயப்போட்டிருக்கிறார், ஆடிப் பட்டத்துக்கு.