கிளமிடியா: எந்த மரபணு வகைப்படுத்தல் நோயின் கடுமையைச் சொல்லும்?

பாலுறவு வழியே பரவும் பாக்டீரியாவான கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே தெரிவதில்லை. சிலருக்கோ அழற்சி கருக்குழாய் வரை போய்விடுகிறது. கிருமியின் வகைதான் காரணமா? வகை பிரிக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

பழைய வழி, ஓஎம்பி-ஏ என்ற ஒரே மரபணுவை வாசிப்பது. கிருமியின் வெளிச்சவ்வுப் புரதத்துக்கான மரபணு இது. அதை வைத்துக் கிருமி வகைகளுக்கு எழுத்துப் பெயர் வைக்கிறார்கள்: ஏ முதல் சி வரை டிரக்கோமா என்னும் கண்நோய், டி முதல் கே வரை சாதாரணப் பிறப்புறுப்புத் தொற்று, எல்1 முதல் எல்3 வரை நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் எல்ஜிவி. இந்தப் பெரிய பிரிவுகளை அது நன்றாகவே காட்டும். ஆனால் டி-யா எஃப்-ஆ, எது கடுமை என்று கேட்டால் ஆய்வுக்கு ஆய்வு விடை மாறுகிறது. கிருமிகள் தங்களுக்குள் இந்த மரபணுவையே கைமாற்றிக்கொள்கின்றன. சட்டையை மட்டும் பார்த்து ஆளைச் சொல்வது போலத்தான்.

பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்ப்பது இரண்டாவது வழி. பரவலைத் துரத்த அருமையானது. 2006-இல் ஸ்வீடனில் கண்டறியப்பட்ட புதுத் திரிபு ஒரே வம்சம் என்று காட்டியது இதுதான். அந்தத் திரிபின் பிளாஸ்மிடில், அதாவது கிருமியின் முக்கிய டிஎன்ஏ-வுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில், 377 டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போயிருந்தன. அது பரவியது வீரியத்தால் அல்ல, அன்றைய சில பரிசோதனைகளுக்குச் சிக்காததால்.

முழு மரபணுத்தொகுதியை, அதாவது சுமார் 10 லட்சம் எழுத்துகளை, வாசிப்பது மூன்றாவது. காரணம் புரிவது இங்கேதான். உதாரணமாக, பிறப்புறுப்பு வகைகள் இண்டோல் என்ற சேர்மத்திலிருந்து, தாங்கள் வளரத் தேவையான டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும். கண் வகைகளால் முடியாது. ஆனால் மாதிரியில் மனித டிஎன்ஏ நிறைந்திருப்பதால் வேலை கடினம். அப்புறம், ஒருவரின் நோயெதிர்ப்பு எப்படி, முன்பு எத்தனை முறை தொற்றியது என்பதை எந்த மரபணுத்தொகுதியும் சொல்லாது.

அதனால் சிகிச்சைக்கு வருபவருக்கு என் தேர்வு இந்த மூன்றும் இல்லை. எல் வகையா (எல்ஜிவி-யா), இல்லையா என்று மட்டும் பார்க்கும் பிசிஆர், அதாவது டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை, போதும். பிஎம்பி-எச் என்ற இன்னொரு மரபணுவில் எல் வகைகளுக்கே உரிய ஓர் இடைவெளியை அது தேடும். 2003-இல் நெதர்லாந்தில் ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களிடையே எல்2-இன் உட்பிரிவான எல்2பி பரவியபோது மலக்குடல் அழற்சியும் இரத்தக் கசிவும்தான் பலரிடம் தெரிந்தன; இவை குடல் அழற்சி நோய் என்று தவறாகக் கருதப்படக்கூடியவை. வகை தெரிவது சிகிச்சைக்கு முக்கியம்: சாதாரணத் தொற்றுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 7 நாள், எல்ஜிவி-க்கு 21 நாள். மலக்குடல் மாதிரியில் கிளமிடியா இருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் இந்தச் சோதனையைக் கேளுங்கள். சத்தமே காட்டாத எல்ஜிவி-யும் உண்டு.