வடலூர் தருமச்சாலையில் இரண்டு வேளை

மாதப் பூசத்தை ஒட்டி என் தாயாரை அழைத்துக்கொண்டு வடலூர் சென்று, வள்ளலார் என்னும் இராமலிங்க அடிகளார் பசித்தவர்க்குச் சோறிட நிறுவிய சத்திய தருமச்சாலையில் ஒரு பகலும் ஓர் இரவும் உணவருந்திவிட்டுத் திரும்பினேன். அங்கே சாப்பாடு எப்படி, வயதானவர்களை அழைத்துச் செல்லலாமா, போனால் மனத்துக்கு என்ன கிடைக்கும் என்று உறவினர் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே முறை எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கூட்டுறவுச் சங்கமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். எதையும் வரவு, செலவு, இருப்பு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இக்குறிப்பிலும் தலைகாட்டும்.

பயணத்தில் சிரமமில்லை. கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் இடைப்பட்ட வடலூருக்குப் பேருந்தும் உண்டு, ரயிலும் உண்டு. தங்குமிடத்தில்தான் ஏமாந்தோம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு விடுதியில் தொலைபேசியில் பேசிய வாடகை ஒன்றாகவும், பூசத்தன்று நேரில் கேட்ட வாடகை வேறாகவும் இருந்தது. குழாயில் தண்ணீர் வர மாலை வரை காத்திருக்கவும் வேண்டியதாயிற்று. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் வீண்.

தருமச்சாலைக்கு நண்பகலுக்குச் சற்று முன்பாகவே போய்ச் சேர்ந்தோம். எந்த ஊர், எந்தச் சாதி, எதற்காக வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பணம் செலுத்திச் சீட்டு வாங்குமிடம் எங்கே என்று பழக்கதோஷத்தில் நானாகத் தேடியபோது, முன்னால் நின்ற ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். உணவு எளியது: சூடான சோறு, பரங்கிக்காய் போட்ட சாம்பார், ஒரு பொரியல், கடைசியில் மோர். சாம்பாரில் காரம் குறைவு என்பதால் அம்மாவுக்கு ஒத்துக்கொண்டது. சோறு குழையாமலும் விறைக்காமலும் இருந்தது. நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் வடிக்கும்போது இந்தப் பதம் தவறாமல் வருவது எவ்வளவு கடினம் என்பது கல்யாணச் சமையலை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பரிமாறியவர்களில் ஓர் இளைஞர், அம்மா சோற்றைப் பிசையக் கை நடுங்கித் திணறுவதைக் கண்டு, ஒரு சொல்லும் பேசாமல் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றிச் சோற்றை இளக்கிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். காசு கொடுத்துச் சாப்பிடும் இடங்களில் இந்தக் கவனம் எனக்கு வாய்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்தபின் அணையா அடுப்பைப் பார்த்தோம். இருபத்தொரு அடி நீளமுள்ள அந்த அடுப்பை இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் மூட்டினார். அன்று பற்றிய நெருப்பு இன்றுவரை அணையவிடாமல் காக்கப்பட்டு வருகிறது. அருகில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவரிடம், தினமும் எத்தனை பேர் வருவார்கள் என்று எப்படிக் கணக்கிட்டு உலை வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒரு மட்டாத்தான் வைக்கிறோம் ஐயா. எத்தினி பேரு வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? பத்தலன்னா மறுபடி உலை வைக்க வேண்டியதுதான். அதுக்குத்தானே அடுப்பு எரிஞ்சிக்கிட்டே இருக்குது" என்றார். அவர் அடுக்கிய விறகைக் கவனித்தேன். பருத்தது ஒரு பக்கம், சிறாய் ஒரு பக்கம், ஈரம் காயாதது தனியே எட்டத்தில். கடவுளை நம்புகிறவர்கள் அறிவைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்று பேசுவோர் அந்த விறகு அடுக்கை ஒரு முறை பார்க்கலாம். தமக்குத் தெரிந்த வேலையில் ஓர் இம்மியும் குறை வைக்காமல், தமக்குத் தெரியாத எண்ணிக்கையை மட்டும் ஆண்டவரிடம் விட்டுவிட்டவரின் அடுக்கு அது.

அடிகளாரே அப்படித்தான் தொடங்கினார் என்று நினைக்கிறேன். அவரிடம் செல்வம் ஏதும் இல்லை. பார்வதிபுரத்து ஊரார் மனமுவந்து கொடுத்த எண்பது காணி நிலம்தான் இதற்கெல்லாம் அடித்தளம். நாளைக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று கணக்குப் பார்த்திருந்தால், என் போன்றவர்கள் அந்தக் கோப்பில் கையெழுத்தே இட்டிருக்க மாட்டோம். அடுப்பு மூட்டி ஒன்பது ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் வந்து சென்னை மாகாணத்தையே சுடுகாடாக்கியது. அதைக் காண அவர் இல்லை. அப்படியொரு பஞ்சம் வரப்போகிறது என்று தெரிந்து அவர் மூட்டினாரா, தெரியாமலே மூட்டினாரா என்று அடியார்கள் இரு விதமாகப் பேசுகிறார்கள். பஞ்சம் வந்தபோது இந்த ஊரில் அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை.

நாங்கள் சென்ற காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டு என் தம்பி, நாற்பத்தொரு வயதில், இரவு படுத்தவன் காலையில் எழவில்லை. குடிப்பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை. இதயம் நின்றதே காரணம் என்று சான்றிதழ் சொன்னது. அது ஏன் நின்றது என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. "எடுக்கணும்னா என்னை எடுத்திருக்கலாமேடா, நான்தானே வரிசையில முன்னாடி நின்னேன்" என்று அம்மா பல மாதம் புலம்பினாள். பிறகு புலம்பலையும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. சோதிடரிடம் போகலாமா, பரிகாரம் செய்யலாமா என்று ஆளுக்கொன்று சொன்னபோது, வடலூருக்கு அழைத்துப் போ என்று மட்டும் அவள் கேட்டாள்.

தருமச்சாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சத்திய ஞானசபை இருக்கிறது. எண்கோண வடிவில் அடிகளாரே திட்டமிட்டு எழுப்பி, 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று வழிபாட்டைத் தொடங்கி வைத்த இடம். கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே புக வேண்டும் என்ற அறிவிப்பு அங்கு உண்டு. போகிறவர்கள் அதற்கேற்ப நடந்துகொள்வது முறை. உள்ளே சிலை இல்லை. தேங்காய் உடைப்பதும் அர்ச்சனைச் சீட்டும் இல்லை. ஏழு திரைகள், அவற்றுக்கு அப்பால் ஆளுயரத்தை மிஞ்சும் ஒரு கண்ணாடி, அதற்கும் அப்பால் ஒரு ஜோதி, அவ்வளவுதான். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, எல்லா நிறமும் கலந்தது என வரிசையாகத் தொங்கும் அத்திரைகள், ஆன்மாவின் அறிவை மறைத்து நிற்கும் மாயை முதலான சக்திகளைக் குறிக்கின்றன. ஏழும் விலகுவது தைப்பூசத்தில் மட்டும். மாதப் பூச இரவுகளில் ஆறு திரைகள்தான் விலகும்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி நான் வெகுநேரம் யோசித்தேன். ஆண்டின் பெரும்பகுதியும் ஒரு திரை மிச்சமிருக்கும் என்று, வழிபட வருகிறவனிடம் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிற கோயில் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாக் கேள்விக்கும் விடை இருப்பதாகச் சொல்லி ஆறுதல் விற்பவர்கள் என் தம்பியின் காரியத்துக்கே நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கர்மவினை என்றார், ஒருவர் வாஸ்து என்றார். அவர்களைவிட, ஒரு திரையை மூடியே வைத்திருக்கும் இந்தச் சபை என்னிடம் நேர்மையாக நடந்துகொண்டதாகவே உணர்ந்தேன்.

அன்றிரவு நெரிசல் அதிகம். திரைகள் ஒவ்வொன்றாக விலகியபோது, அருட்பெருஞ்ஜோதி என்ற முழக்கம் எழுந்ததே தவிர, தலைகளுக்கு நடுவே எனக்கு ஒரு கணம் மஞ்சளாய் ஏதோ ஒன்று தட்டுப்பட்டு மறைந்தது. குள்ளமான அம்மாவின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"தெரிஞ்சுதாம்மா?"

"முன்னாடி நின்னவரு தோள்துண்டுதான் தெரிஞ்சுது. உள்ள எரிஞ்சுதுல்ல?"

"எரிஞ்சுதும்மா."

"அப்ப வா, சாப்பிடப் போவலாம். பசிக்குது."

தம்பி போனபின் பசிக்கிறது என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றுதான். இரவு உணவைப் பற்றித் தனியே எழுத ஒன்றுமில்லை. பகலில் சாப்பிட்ட அதே சுவை, அதே சூடு. அம்மா இரண்டாம் முறை சோறு வாங்கினாள்.

மறுநாள் காலையில், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேட்டுக்குப்பத்துக்கும் போய்வந்தோம். 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அடிகளார் கதவைச் சாத்திக்கொண்ட சித்திவளாக மாளிகை அங்குதான் உள்ளது. உள்ளே போனவரை அதன்பின் எவரும் கண்டதில்லை. ஆங்கிலேய அரசு 1906இல் வெளியிட்ட தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடியாலும் அவர் பிறகு காணப்படவில்லை என்ற அளவில்தான் எழுத முடிந்தது. கடை விரித்தோம், கொள்வாரில்லை என்று அவர் கடைசிக் காலத்தில் வருந்திச் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. மதிப்புரை எழுத உட்கார்ந்தவனுக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது.

கேள்விக்கு விடையும் குறைக்குப் பரிகாரமும் தேடுகிறவர்களுக்கு வடலூர் ஏமாற்றமாகவே இருக்கும். தம்பி ஏன் போனான் என்பது போகும்போது எப்படித் தெரியாதோ, திரும்பும்போதும் அப்படியே தெரியாது. அம்மாவிடம் உள்ள நம்பிக்கை எனக்கு வந்துவிட்டதாகவும் எழுத மாட்டேன். சரிபார்க்காத தாளில் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் தெரியாததற்கு முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பது, அதுவரை கையால் ஆகும் வேலை எது என்பதை அந்த ஊர் செய்து காட்டுகிறது. முதியவர்களைத் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். பூச நாட்களில் மட்டும் கூட்டத்தின் விளிம்பிலேயே அவர்களை நிறுத்துங்கள். அரிசி, காய்கறி கொடுக்க விரும்புவோர் தருமச்சாலையிலேயே கொடுக்கலாம், கட்டாயம் ஏதுமில்லை. அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு படி அரிசியையும் அங்கே கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டோம்.

தைப்பூசத்துக்கும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். இந்த முறை விடுதியை நம்பப் போவதில்லை. விருத்தாசலத்தில் சித்தி வீட்டில் முதல் நாளே தங்கிவிட்டு, விடியலுக்கு முன் கிளம்பலாம் என்றிருக்கிறோம்.