மனசு கனக்கும்போது முடியில் கை வைப்பது: வெட்டா, சாயமா, சுருளா?

மனசு சரியில்லாத நாட்களில் கண்ணாடி முன்னால் நின்று, "இந்த முடியை ஏதாவது பண்ணினால் என்ன?" என்று தோன்றுவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதில் தப்பே இல்லை. நடந்ததை மாற்ற முடியாது, போனவரைத் திரும்பக் கூட்டிவர முடியாது. தலைமுடி மட்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, தொட்ட ஒரு மணி நேரத்தில் வேறு முகம் காட்டுகிறது. கொஞ்ச நேரமாவது நினைப்பு வேறு பக்கம் திரும்பும்.

எதைச் செய்வது என்பதில்தான் தடுமாற்றம். வழக்கமான வழிகள் நான்கு: வெட்டுவது, சாயம் போடுவது, ரசாயனம் வைத்து நேராக்குவது அல்லது நிரந்தரமாகச் சுருட்டுவது, எதையும் நிரந்தரமாகத் தொடாமல் வகிட்டையும் வடிவத்தையும் மட்டும் மாற்றுவது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்காவது. அதிலும் குறிப்பாக, சூடு காட்டாமல் ராத்திரி சுற்றிவைத்துக் காலையில் பிரிக்கும் சுருள். மற்ற மூன்றும் மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல மனநிலையில் இருப்பவர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். துக்கத்தில் இருப்பவர் என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

எது அழகு, எது முகத்துக்குப் பொருந்தும் என்பதெல்லாம் அவரவர் கண்ணுக்குத் தெரியும். தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிடிக்காமல் போனால் பழையபடி ஆக எத்தனை நாள் ஆகும்?

தலைமுடி மாதத்துக்கு 1 முதல் 1.25 செ.மீ. வரைதான் வளரும். வருஷத்துக்கு 12 முதல் 15 செ.மீ. என்ன தடவினாலும் இந்த வேகம் பெரிதாக மாறாது. இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். தோளைத் தொட்ட முடியைத் தாடைக்கு ஏற்றி வெட்டினால், போனது 10 அல்லது 12 செ.மீ.; திரும்பிவர 8 முதல் 12 மாதம். புருவத்தில் நிறுத்திய ஃப்ரிஞ்ச் (நெற்றியில் விழும்படி வெட்டிய முன்முடி) கன்ன எலும்பை எட்டவே 4 மாதம் ஆகும், தாடைக்கு வர கிட்டத்தட்ட ஒரு வருஷம். ப்ளீச் இன்னும் கடுமை. வெளுத்த முடியில் போன நிறமி திரும்ப வராது, அந்த நீளம் முழுவதும் வெட்டுப்பட்டால்தான் அது தலையை விட்டுப் போகும். 45 செ.மீ. நீளத்தையும் வெளுத்தால் குறைந்தது மூன்று வருஷம். வகிட்டை மாற்றினால்? ஒரு சீப்பு போதும். சுருளுக்கு ஒரு தலைக்குளியல்.

துக்கத்தின் கனம் வாரத்துக்கு வாரம் மாறும். முதல் வாரத்தில் "எல்லாவற்றையும் வெட்டி எறி" என்று சொல்லும் மனசு ஐந்தாவது வாரத்தில் பழைய நீளத்தைத் தேடும். ஆறுதலுக்காகச் செய்தது தினமும் கண்ணாடியில் நின்று இன்னொரு வருத்தமாகக் கூடாது.

பலர் கவனிக்காத இன்னொரு காரணமும் இருக்கிறது. கடுமையான மன அதிர்ச்சி, அதிகக் காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பிறகு, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பகுதி ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர். அந்த முடிகள் உடனே கொட்டாது, 2 முதல் 3 மாதம் கழித்துத்தான் கொட்டும். சாதாரணமாக நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. அப்போது அதைவிடப் பல மடங்கு விழும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். இரண்டாவது வாரத்தில் ப்ளீச் போட்டவர், மூன்றாவது மாதம் கொத்தாக முடி வரும்போது சாயத்தைத்தான் குற்றம் சொல்வார். விழுந்த முடியைப் பார்த்தே வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். வேரோடு கொட்டியதன் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கும். ரசாயனத்தால் ஒடிந்ததில் குமிழ் இருக்காது, துண்டு துண்டாகக் குட்டையாக இருக்கும். இரண்டும் ஒன்றாக நடந்தால் தலை மெலிந்து தெரியும். ஏற்கெனவே கொட்டப்போகிற தலையில் ஒடிவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்பதை யோசிக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம், பசி இரண்டும் இல்லாமல், தலை சீவக்கூட எழ முடியாத நிலை என்றால், தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். இங்கே சொல்லும் எதுவும் அந்த அளவு பாரத்துக்கு மருந்தாகாது.

சாயத்தைப் பற்றிச் சுருக்கமாக. கறுப்பு முடியில் செமி பர்மனென்ட் சாயம், அதாவது அலச அலச மங்கிப்போகும் சாயம், வெயிலில் மட்டும் லேசாக மின்னும், அவ்வளவுதான். பளிச்சென்ற நிறம் வேண்டுமென்றால் முதலில் வெளுக்க வேண்டும். வெளுக்கும்போது கறுப்பு நேராக மஞ்சளுக்குப் போகாது. சிவப்பு, ஆரஞ்சு என்று படிப்படியாக இறங்கும். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்த ஆரஞ்சில். நீலம் கலந்த டோனர் (வெளுத்த முடியின் நிறத்தைச் சரிசெய்யும் பூச்சு) அதைத் தணிக்கும், ஊதா டோனர் மஞ்சளுக்குத்தான் வேலை செய்யும். மாற்றிப் போட்டுவிட்டு "டோனர் பலிக்கவில்லை" என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். இன்னொரு தவறு, வேரிலிருந்து தடவத் தொடங்குவது. தலையின் சூட்டில் வேரை ஒட்டிய ஒன்றரை செ.மீ. வேகமாக வெளுத்து, மீதி நீளம் இருட்டாக நின்றுவிடும். நடுநீளத்தில் தொடங்கி வேரைக் கடைசிக்கு வைக்க வேண்டும். ப்ளீச்சோடு கலக்கும் டெவலப்பர் திரவத்தில் 20 வால்யூம் என்றால் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 40 என்றால் 12 சதவீதம். அவசரத்தில் 40-ஐ எடுக்க வேண்டாம். உலோக உப்பு கலந்த மருதாணிப் பொடி போட்ட தலையில் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி ஒடியும். சாயம் எதுவானாலும் 48 மணி நேரத்துக்கு முன்பே முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துச் சோதியுங்கள். அந்த 48 மணி நேரம் மனசுக்கும் நல்லது.

நிறம் இல்லாமல் ஆறாது என்றால், காதுக்குப் பின்னால் அடியில் 2 செ.மீ. அகல ஒற்றைக் கற்றை போதும். மேல்முடி மூடிக்கொள்ளும், வேண்டும்போது காதோரம் ஒதுக்கிக் காட்டலாம். தவறினாலும் போவது ஒரு கற்றைதான்.

ரசாயனத்தால் நேராக்குவதும் நிரந்தரச் சுருளும் முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து மறுபடி பூட்டும் வேலை. ஒரு வகை ரசாயனம் பட்ட தலையில் வேறு வகை பட்டால் முடி கையோடு வந்துவிடக்கூடும். முன்பு என்ன போட்டோம் என்பது துல்லியமாக நினைவில்லாதவர், அதுவும் மனம் குழம்பிய நாளில், இதைத் தொடவே வேண்டாம்.

இப்போது எனக்குப் பிடித்த வழி. முடியின் வடிவத்தைப் பிடித்துவைப்பதில் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கும் பங்கு உண்டு. நனைந்தால் அவிழும், காயும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். மறுபடி நனைந்தால் மறுபடி அவிழும். சூடில்லாச் சுருளின் ரகசியம் முழுவதும் இதுதான், அது சொதப்புவதற்கான காரணமும் இதுதான். ரொம்ப ஈரமாகச் சுற்றினால் காலையில் உள்சுற்று காய்ந்திருக்காது, பிரித்ததும் தொங்கிவிடும். முழுக்கக் காய்ந்ததைச் சுற்றினால் பிடிக்கவே பிடிக்காது. முக்கால் பங்குக்கு மேல் காய்ந்திருக்க வேண்டும். கற்றையைப் பிடித்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. காய்ந்த தலை என்றால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர், பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்தால் போதும். உள்ளங்கைக் குழி நிறைய மூஸ் (முடியின் வடிவத்தைப் பிடித்துவைக்கும் நுரை) எடுத்து நடுநீளத்திலிருந்து நுனிவரை தடவுங்கள். எண்ணெய் வைத்த தலையில் சுருள் நிற்காது.

சுற்றுவதற்கு 90 செ.மீ. நீளமும் சுமார் 2.5 செ.மீ. தடிப்பும் உள்ள மெத்தென்ற துணிக்கயிறு வேண்டும். குளியல் அங்கியின் இடுப்புப் பட்டை சரியாக இருக்கும், பழைய டி-ஷர்ட்டை இறுக்கிச் சுருட்டினாலும் சரி. அதை உச்சியில் ஹேர்பேண்ட் மாதிரி வைத்து, நடுவில் ஒரு க்ளிப். க்ளிப்புக்கு அடியில் சின்னத் துணித்துண்டு வைத்தால் உச்சியில் பள்ளம் விழாது. முன்நெற்றியிலிருந்து 2 முதல் 3 செ.மீ. கற்றை எடுத்து, முகத்தை விட்டு விலகும் திசையில் கயிற்றின் மேல் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னாலிருந்து கொஞ்சம் முடியைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். காதைத் தாண்டும்போது அந்தப் பக்கத்து முடி முழுவதும் உள்ளே வந்திருக்கும். நுனிவரை சுற்றி, துணி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அடுத்த பக்கமும் அப்படியே.

கெட்டுப்போவது பெரும்பாலும் நுனியில்தான். மடங்கிக்கொண்ட நுனி, காலையில் தூண்டில் முள் மாதிரி வளைந்து நிற்கும். கடைசிச் சுற்றில் நுனியை விரலால் தட்டையாக நீவிவிட்டுப் பிறகு கட்டுங்கள். இறுக்கம் எவ்வளவு என்று கேட்டால், கயிற்றில் முடி வழுக்கக் கூடாது, அதேசமயம் நெற்றித்தோல் இழுபடக் கூடாது. வலித்தால் அவிழ்த்துத் தளர்த்துங்கள். நாள்தோறும் ஒரே இடத்தில் இழுபட்டால் நெற்றி ஓரத்து முடி பின்வாங்கும்.

6 முதல் 8 மணி நேரம் விட்டு, காலையில் பிரிக்குமுன் உள்சுற்றைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி இருந்தால் ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் 5 நிமிஷம் காட்டி, இன்னொரு 5 நிமிஷம் ஆற விடுங்கள். ஆறாமல் பிரிப்பதுதான் மிகப் பெரிய அவசரம். கயிற்றைச் சுற்றுச் சுற்றாக அவிழ்க்காமல் கீழ்ப்பக்கமாக உருவி எடுங்கள். பத்து நிமிஷம் தொடாமல் இருந்து, பிறகு விரலால் மட்டும் பிரியுங்கள். முதலில் அளவுக்கு மீறிய சுருளாகத் தெரிந்து பயம் வரும். ஒரு மணி நேரத்தில் தளர்ந்து படியும். காற்றில் ஈரப்பதம் கூடினால் சீக்கிரமே தளரும்.

துக்க நாட்களுக்கு இது ஏன் பொருந்துகிறது? அந்த நாட்களில் ராத்திரிதான் கடினம். கைகளுக்கு 15 நிமிஷ வேலை கிடைக்கிறது. முடிவெடுக்க ஒன்றும் இல்லை, சுற்றிக்கொண்டே போனால் போதும். விடிந்ததும் எழுந்து கண்ணாடிக்குப் போக ஒரு காரணம் காத்திருக்கும். வெட்டும் ப்ளீச்சும் அந்த முதல் பார்வையை ஒரு முறைதான் தரும். இதுவோ வாரத்துக்கு மூன்று முறை தரும், கயிற்றின் தடிப்பை மாற்றினால் முகமும் மாறும். 1 செ.மீ. கயிற்றில் இறுக்கமான சுருள், 4 செ.மீ. தடிப்பில் மெல்லிய அலை.

தோளுக்கு மேலே நிற்கும் முடிக்குக் கயிறு சரிப்படாது. சின்னக் கற்றைகளை விரலில் சுருட்டி, தலையோடு தட்டையாக அழுத்தி, குறுக்காக இரண்டு ஹேர்பின் குத்தி வைக்கலாம். இயற்கையிலேயே இறுகச் சுருண்ட முடிக்கு இந்த அளவுகள் அப்படியே பொருந்தாது. அந்த வகை முடியில் பழகியவரைக் கேட்டுச் செய்வது நல்லது.

வகிடு மாற்றுவது இன்னும் சுலபம். முடி கொட்டும் மாதங்களில் பழைய வகிடு அகலமாகத் தெரியும், அப்போது ரொம்பவே உதவும். வேரை மட்டும் நனைத்து, எதிர்ப்பக்கம் சீவி, அந்தத் திசையிலேயே டிரையர் காட்டி, ஆறும்வரை பத்து நிமிஷம் க்ளிப் போட்டு வையுங்கள். ஓரிரு வாரம் முடி பழைய பக்கம் சாயப் பார்க்கும், பிறகு அடங்கும். சுழி இருக்கும் இடத்தில் மல்லுக்கட்டாமல் வகிட்டை அதற்கு ஒரு விரல் தள்ளி எடுங்கள். வால் சீப்பின் நுனியால் வகிட்டை வளைத்து வளைத்துப் போட்டால் மெலிந்த இடம் கண்ணில் படாது.

க்ளிப் வைத்த ஒட்டுமுடிக்கும் விக்குக்கும் இரண்டாவது இடம் தாராளமாகத் தரலாம். செயற்கை இழையில் ஸ்ட்ரெய்ட்னர் படக் கூடாது, உருகிவிடும். தூங்குமுன் கழற்றிவிடுங்கள், க்ளிப் குத்தும் இடத்தை நாளுக்கு நாள் மாற்றுங்கள்.

குட்டை முடிக்காரர் ட்ரிம்மரை எடுத்தால் முதலில் 4-ஆம் எண் கார்டு (முடி நீளத்தைத் தீர்மானிக்க ட்ரிம்மரில் மாட்டும் சீப்பு), அதாவது சுமார் 13 மி.மீ. போதாவிட்டால் மறுநாள் 2-க்கு, 6 மி.மீ.க்கு இறங்கலாம். கார்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டே தலையில் வையுங்கள்.

வெட்டியே ஆக வேண்டும் என்று கை துடித்தால், கத்தரியை எடுக்குமுன் பொய் ஃப்ரிஞ்ச் ஒன்று வைத்துப் பாருங்கள். முடியை உச்சியில் குதிரைவாலாகக் கட்டி, நுனிகளை நெற்றிக்குக் கொண்டுவந்து புருவ அளவில் நிறுத்தி, கட்டுக்குப் பக்கத்தில் ஹேர்பின் குத்துங்கள். பின்பக்கத்தை ஒரு துணியால் மறைத்துக் கட்டிக்கொள்ளலாம். மூன்று நாள் அப்படியே இருங்கள். மூன்றாவது நாளும் பிடித்திருந்தால், காய்ந்த முடியில், விரலால் இழுத்துப் பிடிக்காமல், நினைத்த இடத்துக்கு 2 செ.மீ. கீழே தொடங்குங்கள். நனைந்த முடி நீண்டு நிற்கும், காய்ந்ததும் மேலேறும். நெற்றியில் தூக்கிக்கொண்டு நிற்கும் ஃப்ரிஞ்ச் பலவற்றுக்கும் காரணம் அதுதான். கத்தரியைக் குறுக்கே வைக்காமல் செங்குத்தாகப் பிடித்து, ஒரு தடவைக்கு அரை செ.மீ. மட்டும்.