வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து எல்லை தாண்டாதீர்கள்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு விளம்பரத்தைக் காட்டி, "அக்கா, பத்து நாள் மூணாறு, வாகமண் போகலாம்னு இருக்கோம். இந்த வண்டி பாருங்க, ரொம்ப சல்லிசா இருக்கு" என்றான். படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின்பக்க இடது கதவில் அதே நெளிவு, கண்ணாடியில் அதே பிள்ளையார் ஸ்டிக்கர். ஏப்ரலில் எங்களை நடுவழியில் இறக்கிவிட்ட வண்டி. அது மறுபடியும் வாடகைக்கு வந்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ். ஆஸ்பத்திரி, துணிக்கடை எல்லாவற்றுக்கும் பொள்ளாச்சி, கோவை என்று வாரத்தில் இரண்டு முறையாவது எல்லை தாண்டுவோம். சொந்த வண்டியிலோ பஸ்ஸிலோ போகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. வாடகை வண்டிக்கு எல்லை என்றால் வேறு கணக்கு என்பது எங்களுக்குத் தெரியாமலே இருந்தது.

பள்ளி விடுமுறையில் 17 நாள் பயணம். பழனி, மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, பிறகு களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம், ஆலப்புழை, குருவாயூர், வீடு. நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், 68 வயது மாமியார். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்பது மாமியாரின் பல வருட ஆசை. மொத்தம் 70,000 ரூபாய்க்குள் முடிக்கத் திட்டம். சாமான்களை ஏற்றினால் எங்கள் சின்னக் காரில் ஐந்து பேர் உட்கார முடியாது. அதனால் ஏழு பேர் உட்காரும் வண்டியை வாடகைக்கு எடுத்து நாங்களே மாறி மாறி ஓட்டுவது என்று முடிவு செய்தோம்.

கோவையில் கறுப்பு போர்டு வண்டிக்கு, அதாவது வாடகைக்கென்றே பதிவான வண்டிக்கு, ஒரு நாளைக்கு 2,500 ரூபாய் சொன்னார்கள். பொள்ளாச்சி ரோட்டில் மரத்தடியில் சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான மூன்று வெள்ளை போர்டு வண்டிகளை நிறுத்தி வைத்திருந்த ஒருவர் 1,600 சொன்னார். 17 நாளுக்குக் கணக்குப் போட்டால் 15,300 ரூபாய் மிச்சம். அது எங்களுக்குப் பெரிய தொகை. 17 நாள் வாடகை 27,200 முழுவதையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார். டெபாசிட் 15,000 தனி. அதற்கு மேல் என் ஆதார் அட்டையின் அசல், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட, தொகை எழுதாத ஒரு காசோலை. ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னதுதான் முக்கியம். "ஒண்ணும் பிரச்சனை வராதுங்கக்கா. வழியில யாராச்சும் கேட்டா அண்ணன் வண்டின்னு சொல்லிருங்க. வாடகைன்னு மட்டும் வாயைத் திறந்துராதீங்க." அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். வண்டி கொடுப்பவரே நம்மைப் பொய் சொல்லச் சொல்கிறார் என்றால் அவருக்கு விஷயம் முழுதாகத் தெரியும், மாட்டப்போவது யார் என்பதும் தெரியும். எனக்கு உறுத்தியது, கேட்கவும் செய்தேன். "எல்லாரும் அப்படித்தானுங்க எடுத்துட்டுப் போறாங்க" என்றார். மிச்சமாகும் பணத்தை நினைத்து விட்டுவிட்டேன்.

முதல் தொந்தரவு திருப்பாச்சேத்தி சுங்கச்சாவடியில் வந்தது. வண்டியின் ஃபாஸ்டேக் முடக்கப்பட்டிருந்தது. பணமாகக் கட்டினால் இரு மடங்கு. அவருக்குப் போன் செய்தால், "கட்டிருங்கக்கா, டெபாசிட்டோட சேர்த்துத் தந்துடறேன்" என்றார். மற்றபடி பயணம் நன்றாகத்தான் போனது. மாமியார் 22 தீர்த்தமும் ஆடினார். திருச்செந்தூர்க் கடலில் பிள்ளைகளைக் கரையேற்றவே முடியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை களியக்காவிளை தாண்டி, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் மோட்டார் வாகனத் துறையினர் நிறுத்தினார்கள். வண்டி யாருடையது என்று மலையாளத்தில் கேட்டார்கள். அண்ணனுடையது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அண்ணன் பெயர் என்ன என்றார்கள். ஆர்.சி.யில் இருந்த பெயர் சட்டென்று அவருக்கு வாயில் வரவில்லை. பின் சீட்டில் இருந்த எட்டு வயது மகள், "அப்பா, நம்ம வாடகைக்குத்தானே எடுத்தோம்?" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவள் ஒருத்திதான் அங்கே உண்மையைச் சொன்னாள். பிள்ளைகள் முன்னால் பொய் சொல்லிப் பிடிபட்ட அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றும் என் வீட்டுக்காரர் தலை குனிகிறார்.

அதிகாரி கோபப்படவில்லை, நிதானமாக விளக்கினார். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வண்டியைப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது பெர்மிட் இல்லாத வாடகை வண்டி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவில் அதற்கு 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. 207-ஆம் பிரிவின்படி வண்டியைப் பிடித்து வைக்கலாம். "உங்க மேல கேஸ் இல்லை. வண்டியை விட முடியாது" என்றார். உறவுக்காரர் பணம் வாங்காமல் கொடுத்திருந்தால் தப்பே இல்லையாம். பணம் கைமாறியதுதான் குற்றம்.

வெயிலில் ரோட்டோரம் ஐந்து பேர், ஒன்பது பை. வண்டிக்காரர் முதலில் போனை எடுக்கவில்லை. பிறகு எடுத்து, "நீங்க ஏன் வாடகைன்னு சொன்னீங்க?" என்று எங்களையே திட்டினார். ஆட்டோ பிடித்து, பஸ் மாறித் திருவனந்தபுரம் வந்து, அன்று இரவே அமிர்தா எக்ஸ்பிரஸில் ஏறிப் பாலக்காடு வந்து சேர்ந்தோம். இடம் முன்பதிவு செய்யாததால் மாமியாரை மட்டும் ஒரு புண்ணியவான் தன் இருக்கையில் உட்கார வைத்தார். குருவாயூர் போக முடியவில்லை. ஆலப்புழையிலும் குருவாயூரிலும் கட்டியிருந்த அறை முன்பணம் 3,500 போயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து வண்டியின் இன்சூரன்ஸ் நகலைப் பொறுமையாகப் படித்தேன். சாவி வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், ஆனால் படிக்கவில்லை. பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியில், வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஓட்டினால் பாலிசி பொருந்தாது என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. வண்டி சேதமானால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். நம்மால் யாருக்காவது அடிபட்டால் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்க வரலாம். அவர் நம் காசோலையை வைத்துக்கொண்டு நம்மிடம் வருவார். ராமேஸ்வரத்திலிருந்து திருச்செந்தூர் வரை 200 கிலோமீட்டருக்கு மேல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இப்படித்தான் ஓட்டியிருக்கிறோம். பணம் போனதைவிட இது என்னைத் தூங்கவிடவில்லை.

டெபாசிட் கேட்டபோது அவர் ஒரு பட்டியல் அனுப்பினார். வண்டியை மீட்ட அபராதம், பம்பர் கீறல் 6,500, கேரளக் கேமராவில் விழுந்த வேக அபராதம் 1,500 வீதம் இரண்டு. அத்தாட்சியாக அவரே அனுப்பிய செலானில் ஒன்று மார்ச் 22 தேதியிட்டது. நாங்கள் வண்டி எடுத்தது ஏப்ரல் 20. அதைச் சுட்டிக்காட்டியதும் பதில் நின்றுவிட்டது. பம்பர் கீறலும் பழையது. முதல் நாள் வண்டியைச் சுற்றி என் மகன் விளையாட்டாக எடுத்த விடியோவில் அது அப்படியே இருக்கிறது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அவர்கள் அழைத்துப் பேசிய பிறகு ஆதாரும் காசோலையும் திரும்பி வந்தன. பணம் வரவில்லை. ஓட்டாத எட்டு நாள் வாடகை 12,800, டெபாசிட் 15,000, அறை முன்பணம் 3,500. மொத்தம் 31,300. நாங்கள் மிச்சம் பிடிக்க நினைத்தது 15,300.

நீங்கள் வண்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் நம்பர் பலகையைப் பாருங்கள். நாமே ஓட்டுகிற வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டிரைவரோடு வருகிற டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, தினம் ரோட்டில் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. 1989-இல் வந்த ரென்ட் எ கேப் திட்டத்தின்படி இப்படி வண்டிகளை வாடகைக்கு விட உரிமம் வாங்கக் குறைந்தது 50 வண்டிகள் வேண்டும். மரத்தடியில் மூன்று வண்டி வைத்திருப்பவரிடம் அந்த உரிமம் எப்படி இருக்கும்?

அடுத்தது எம்பரிவாகன் செயலி. வண்டி எண்ணைப் போட்டால் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, இன்சூரன்ஸ் எதுவரை என்று வந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை. மஞ்சள் போர்டு எடுத்தால் அகில இந்திய சுற்றுலா பெர்மிட்டா, ஒரு மாநிலப் பெர்மிட் மட்டுமா என்று கேளுங்கள். ஒரு மாநிலம்தான் என்றால் எல்லை தாண்டத் தற்காலிகப் பெர்மிட்டும் அந்த மாநில வரியும் வேண்டும். பரிவாகன் தளத்திலேயே கட்டலாம், ஆனால் யார் கட்டுவது என்பதைப் புறப்படும் முன்பே எழுதி வாங்குங்கள். அசல் ஆதாரும் தொகை எழுதாத காசோலையும் யாருக்கும் வேண்டாம். நீண்ட பயணத்துக்கு முழு வாடகையையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள், வாரா வாரம் கொடுக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பையன் இப்போது கறுப்பு போர்டு வண்டி பேசியிருக்கிறான். பத்து நாளை ஏழாகக் குறைத்துக்கொண்டார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். கோவைக்கு அலையாமல், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. பாலக்காட்டில் மனு கொடுக்கத் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பின் கதவில் நெளிவும் பிள்ளையார் ஸ்டிக்கரும் உள்ள அந்த வண்டியை நீங்களும் எடுத்து ஏமாந்திருந்தால், தேதி, கொடுத்த தொகை, கையில் இருக்கும் ரசீது ஆகியவற்றோடு எனக்கு எழுதுங்கள். என் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.