மின்னணு லாக்புக்: ஸ்காலப் படகுகளின் கரை அலுவலகத்தில் சில ஆண்டுகள்

மீன்பிடிப் படகுகளில் பயணத்தையும் பிடிப்பையும் அரசுக்காக எழுதும் காகித லாக்புக் போய் டேப்லெட் வந்ததில் யாருக்கு லாபம் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: எனக்குத்தான். என் வேலையில் ஏறக்குறைய பாதி குறைந்தது. ஆனால் குறைந்த பாதி எங்கேயும் மறைந்துவிடவில்லை, படகில் ஏறிக்கொண்டது. கேப்டன்கள் முணுமுணுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. இந்த முறை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மறுபடி காகிதத்துக்குப் போகச் சொன்னால் நான் வேறு வேலை தேடிக்கொள்வேன். 'எல்லோருக்கும் நேரம் மிச்சம்' என்ற பேச்சை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் படகுகளுக்குக் கணக்கு வழக்கு பார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, பிடிப்பின் மதிப்பில் நாட்டின் முதல் துறைமுகம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. அதற்குக் காரணம் ஸ்காலப் என்கிற விசிறிச் சிப்பி. படகு வந்ததும் எத்தனை பவுண்டு, என்ன விலை, டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, ஆளுக்கு என்ன பங்கு என்று கணக்குப் போட்டு முடிக்க வேண்டும். அதோடு சேர்த்து அரசுக்குப் போகும் பதிவுகளும் என் தலையில்.

இந்தக் கடற்கரையில் படகுகள் பயண அறிக்கை எழுதியே ஆக வேண்டும் என்பது 1994இல் வந்த விதி. எந்தப் பகுதியில், எந்த வலையால், எத்தனை பாடு (வலையை ஒருமுறை இறக்கி இழுத்து ஏற்றுவது), ஒரு பாடு சராசரியாக எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம், எவ்வளவு பிடித்தீர்கள், எவ்வளவு திரும்பக் கடலில் கொட்டினீர்கள், யாருக்கு விற்றீர்கள் என்று எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் எழுத வேண்டும். அனுமதியின் வகையைப் பொறுத்து வாரம் ஒருமுறையோ, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள்ளோ தபாலில் போக வேண்டும். அந்தப் படிவங்கள் என் மேசைக்கு வந்த நிலையை இப்போது நினைத்தாலும் தலை வலிக்கிறது. ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பேனா மை பரவியிருக்கும். 1 என்று படிப்பதா 7 என்று படிப்பதா என்று தெரியாது. கேப்டனைக் கேட்கலாம் என்றால் அவர் அடுத்த பயணத்துக்குக் கிளம்பிப் போயிருப்பார். காலிக் கட்டம் இருந்தால் படிவம் திரும்பி வரும். மாதக் கடைசியில் என் பொழுதெல்லாம் இதில்தான் போகும்.

2021 நவம்பர் 10 முதல் காகிதம் செல்லாது. விற்பனையாளர் விவரம் போன்றவை நீங்கலாக, அறிக்கை துறைமுகத்துக்குள் நுழையும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பயணம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் மின்னணு முறையில் போய்ச் சேர வேண்டும். மீன்வளத்தைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான நோவாவின் 'ஃபிஷ் ஆன்லைன்', அட்லாண்டிக் மாநிலங்களின் கூட்டு அமைப்பு நடத்தும் 'ஈட்ரிப்ஸ்' என்று இலவசச் செயலிகள் உண்டு. தனியார் செயலிகளும் உண்டு. எங்கள் படகுகளில் எது இருக்கிறது என்று சொல்லப் போவதில்லை. கீழே வரும் குறைகளில் பல எதை வாங்கினாலும் வரும்.

நுழையும் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்ற விதி காகிதக் காலத்திலும் இருந்ததுதான். ஆனால் அன்று அதை மீறினால் யாருக்குத் தெரியும்? கேப்டன் கரையில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, பிடிப்பை வாங்கும் டீலரின் எடைச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவார். சீட்டில் உள்ள எடையும் அறிக்கையில் உள்ள எடையும் பவுண்டு பிசகாமல் ஒத்துப்போகும். இப்போது செயலி ஒவ்வொரு பதிவிலும் நேரத்தைக் குறித்து வைக்கிறது. அதனால் கேப்டன் மதிப்பீட்டை உண்மையிலேயே மதிப்பீடாகத்தான் தர வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் மின்னணுப் பதிவால் வந்த பெரிய மாற்றம் இதுதான். டேப்லெட்டோ இணையமோ அதற்கு அப்புறம்தான்.

அந்த மதிப்பீடு எப்படி வருகிறது என்று தெரிந்தால் கேப்டன்களின் எரிச்சல் புரியும். ஸ்காலப்பைப் படகிலேயே உடைத்து, வெள்ளைச் சதையை மட்டும் எடுத்து, கழுவி, துணிப் பைகளில் கட்டி ஐஸில் வைப்பார்கள். ஒரு பை சுமார் 50 பவுண்டு. பை ஒவ்வொன்றும் உள்ளே இறங்கும்போது யாராவது ஒருவர் சுவரில் மாட்டிய அட்டையில் பென்சிலால் கோடு போடுவார். நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. கேப்டன் அதை எண்ணி, ஐம்பதால் பெருக்கி, தன் சொந்த நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் டேப்லெட்டில் தட்டுவார். ஆமாம், காகிதம் படகை விட்டுப் போகவே இல்லை. எங்கள் படகுகளில் சுக்கான் அறைக்குள் நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் டேப்லெட் பக்கத்தில் சுருள் கம்பி போட்ட நோட்டு ஒன்று கிடக்கிறது. அதை அரசு கேட்கவில்லை. அது அவர்களுடைய தொழில் ரகசியம். எந்த இடத்தில், எந்த நீரோட்டத்தில், எந்த மாதத்தில் நல்ல பாடு கிடைத்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். செயலியில் அதற்கெல்லாம் இடமே கிடையாது.

சரி, நல்லதைச் சொல்கிறேன். கடலை எண் போட்ட பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: 521, 526, 562 என்று போகும். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலோ, வலையை மாற்றினாலோ புதிதாக ஒரு உள்பயண அறிக்கை தொடங்க வேண்டும். காகிதத்தில் இது பெரும்பாலும் நடக்காது. நடு இரவில், ஒரு பாடு முடிவதற்குள் படகு கோட்டைத் தாண்டியிருக்கும். அதற்காக யார் விளக்கைப் போட்டுப் புதுப் படிவம் எடுப்பார்கள்? எல்லாமே ஒரே பகுதி எண்ணில் அடங்கிவிடும். எங்கள் செயலி ஜிபிஎஸ்ஸைப் பார்த்துப் பகுதி எண்ணைத் தானாகவே நிரப்பிவிடுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகையை மாற்றி எழுதும் பழைய வியாதியும் ஒழிந்தது. முன்பெல்லாம் சில படிவங்களின்படி படகு நிலத்தின் மேல் மீன்பிடித்துக்கொண்டிருக்கும்.

கடலில் திரும்பக் கொட்டியதை எழுதும் கட்டத்தில் மட்டும் முன்னேற்றம் அரைகுறைதான். இரண்டு 15 அடி அகல இரும்பு வளைய வலைகள் கடலடியை வாரிக்கொண்டு வரும்போது ஸ்காலப்போடு திருக்கை வகைகள், மாங்க்ஃபிஷ், தட்டை மீன்கள் எல்லாம் ஏறும். இவற்றில் எல்லோடெயில் ஃபிளவுண்டர் என்ற தட்டை மீனுக்கு ஸ்காலப் படகுகளுக்கென்றே தனிப் பிடிப்பு வரம்பு உண்டு. டெக்கில் ஆட்கள் குனிந்து ஸ்காலப்பைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது மற்றதை யார் நிறுத்துப் பார்ப்பது? கேப்டன் கண்ணால் பார்த்து ஒரு எண் சொல்கிறார். செயலி அந்தக் கட்டத்தைக் காலியாக விட விடாது என்பதால் ஏதோ ஒரு எண் கட்டாயம் வருகிறது. அந்த எண் எந்த அளவுக்குச் சரி என்பது வேறு கதை. பிடிப்பைக் கணக்கெடுக்கும் பார்வையாளர் படகில் ஏறிய பயணத்து எண்களையும் ஏறாத பயணத்து எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

இனி எனக்குத் தலைவலி தந்த விஷயம். காகிதப் படிவத்தில் வரிசை எண் அச்சடித்திருக்கும். அதை டீலரிடம் சொன்னால் போதும். மின்னணு முறையில் பயண எண் 14 இலக்கம். படகின் அனுமதி எண் ஆறு இலக்கம், புறப்பட்ட தேதி ஆறு இலக்கம், புறப்பட்ட மணி இரண்டு இலக்கம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறோம் என்று கேப்டன் செயலியில் பயணத்தைத் தொடங்கிவிடுவார். ஐஸ் வண்டி தாமதமாகும், ஒரு ஆள் வரமாட்டான், படகு பதினொன்றுக்குத்தான் கயிறு அவிழ்க்கும். நேர்மையான கேப்டன் நேரத்தைத் திருத்துவார். உடனே பயண எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் மாறிவிடும். அதற்குள் பழைய எண் யார் யாருக்கோ போயிருக்கும். டீலரின் அறிக்கையில் ஒரு எண், படகின் அறிக்கையில் வேறு எண். இரண்டையும் இணைக்கும் கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு பயணங்கள். முதல் வருடத்தில் எனக்கு வந்த திருத்தக் கேள்விகளில் கணிசமானவை இதே ரகம். கயிறு அவிழ்த்த பிறகே பயணத்தைத் தொடங்குவது என்று எல்லாப் படகுகளுக்கும் சொல்லிவைத்த பிறகு குறைந்தது.

அப்புறம், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பத் தட்டுவது. ஸ்காலப் படகில் செயற்கைக்கோள் கண்காணிப்புப் பெட்டி ஒன்று தனியாக உண்டு. அரை மணிக்கு ஒருமுறை படகு இருக்கும் இடத்தை அனுப்பும். புறப்படும் முன் இந்தப் பயணம் எந்த வகை என்று அதில் அறிவிக்க வேண்டும். சில வகைப் பயணங்களில் அன்றன்றைய பிடிப்பையும் அதில் அனுப்ப வேண்டும். கரை சேரும் முன் ஒரு முன்னறிவிப்பும் உண்டு. பிறகு இந்த லாக்புக். பிறகு டீலர் தன் பங்குக்கு வாரந்தோறும் அனுப்பும் அறிக்கை. எல்லாமே மின்னணு, எல்லாம் ஒரே அரசுக்கு, ஆனால் ஒன்றில் தட்டியது இன்னொன்றில் தானாக வருவதில்லை. ஒரு கேப்டன் என்னிடம் கேட்டார், "இவங்க எல்லாரும் ஒரே கட்டடத்துல தான உட்கார்ந்திருக்காங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை.

மின்னணுவாகிவிட்டால் பொய் நின்றுவிடும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. 'காட்ஃபாதர்' (Codfather; 'காட்' என்பது மீனின் பெயர்) என்று பட்டப்பெயர் பெற்ற கார்லோஸ் ரஃபேலிடம் படகுகளும் இருந்தன, மீனை வாங்கும் டீலர் நிறுவனமும் இருந்தது. வரம்பு குறைவான மீனைப் பிடித்துவிட்டு, வரம்பு தாராளமாக உள்ள ஹேடாக் என்று எழுதிக் கணக்குக் காட்டினார்கள். கிட்டத்தட்ட 8 லட்சம் பவுண்டு மீன். 2017இல் அவருக்கு 46 மாதச் சிறைத் தண்டனை. இதில் கவனிக்க வேண்டியது: டீலர்களின் அறிக்கைகள் 2004 முதலே மின்னணுதான். படகும் டீலரும் ஒரே கையில் இருந்ததால் இரண்டு அறிக்கைகளும் அழகாக ஒத்துப்போயின. அவரைப் பிடித்துக் கொடுத்தது எந்த மென்பொருளும் இல்லை. வாங்க வந்தவர்கள் போல வேடமிட்ட வருமான வரித்துறை ஆட்களிடம் அவரே வாய்விட்டுச் சொன்னார்.

கேப்டன்களின் மனம் கொஞ்சம் மாறியதற்குக் காரணம் நான் எதிர்பார்த்தது இல்லை. காற்றாலைகள். மார்த்தாஸ் வின்யார்டு தீவுக்குத் தெற்கே 62 காற்றாலைகளுடன் வின்யார்டு விண்ட் திட்டம் வந்தது. கடலில் இன்னும் பல இடங்களைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் மீன்பிடிப்பவர்களின் வருமானம் எவ்வளவு என்று நோவா கணக்கிடுவது இந்தப் பயண அறிக்கைகளை வைத்துத்தான். சிக்கல் என்னவென்றால், உள்பயணம் ஒன்றுக்கு ஒரே ஒரு இடப்புள்ளிதான். பல நாள் அங்குமிங்கும் இழுத்த படகு, காகிதத்தில் ஒரு புள்ளியாக நின்றது. அதைச் சுற்றிப் பரப்பித்தான் மதிப்பிட முடியும். தங்கள் இடம் கணக்கில் வராமல் போகும் என்று உறைத்த பிறகு, பகுதி மாறும்போது ஒழுங்காகப் புது அறிக்கை தொடங்குகிறார்கள். முன்பு இடத்தைச் சொல்லவே தயங்கியவர்கள் இவர்கள். தனிப்பட்ட படகின் விவரத்தை வெளியிடச் சட்டம் அனுமதிக்காது என்று நான் எத்தனையோ முறை சொல்லியும் நம்பாதவர்கள்.

கருவியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடலில் சிக்னல் கிடைக்காது, ஆனால் செயலி அதில்லாமலே வேலை செய்யும், கரை நெருங்கும்போது அனுப்பிக்கொள்ளலாம். உப்பும் ஈரமும் பட்ட விரலைத் திரை மதிப்பதில்லை. ஒரு ரப்பர் முனைப் பேனா வாங்கிக் கொடுங்கள், விலை அற்பம். துறைமுகத்தில் வைஃபை கிடைத்ததும் டேப்லெட் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு கேப்டனை வெளியே தள்ளிவிடும். கடவுச்சொல் நினைவிருக்காது. தானாகப் புதுப்பிப்பதை அணைத்து வையுங்கள். மாற்று கேப்டன் வந்தால் அவர் பெயரில் கணக்கு இருக்கிறதா என்று புறப்படுவதற்கு முதல் நாளே பாருங்கள். கையெழுத்துக்குப் பதில் ரகசிய எண் என்பதால் இன்னொருவர் எண்ணில் அனுப்புவது, இன்னொருவர் கையெழுத்தைப் போடுவதுதான்.

கூட்டாட்சி அனுமதி வைத்திருக்கும் லாப்ஸ்டர் படகுகளும் 2024 ஏப்ரல் 1 முதல் இதற்குள் வந்துவிட்டன. அவர்களில் பலர் தனியாளாகவோ, ஒரே ஒரு துணையாளோடோ போகிறவர்கள். கரையில் என்னைப் போல ஆள் வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர்கள். எங்கள் கேப்டன் தட்டுவதில் ஏதாவது விட்டுப்போனால் நான் கூப்பிட்டுக் கேட்கிறேன். அவர்கள் நாள் முழுக்க லாப்ஸ்டர் பிடிக்கும் பொறிப் பெட்டி தூக்கிவிட்டு வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். அவர்களுக்கு இந்த முறை எப்படி இருக்கிறது என்பதற்கு என் அனுபவத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படகு முதலாளிகளுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: அலுவலகத்தில் மிச்சமான சம்பள நேரம் எவ்வளவு என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். அதில் ஒரு பகுதியைக் கேப்டன் பங்கில் சேர்ப்பது பற்றி அடுத்த பங்குக் கணக்கின்போது பேசலாம்.