க்ராம்சோர்க்: தாய்வீடு தூரமாக இருப்பவர்களுக்கு எட்டு நாள் துணை

நெதர்லாந்தில் பிரசவத்துக்கு இருக்கிறீர்களா, ஐந்தாம் மாதத்துக்குள் க்ராம்சோர்க்குக்குப் பதிவு செய்துவிடுங்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பயிற்சி பெற்ற ஒரு பெண் தினமும் வந்து தாய், பிள்ளை இருவரையும் பார்த்துக்கொள்வார். அடிப்படைக் காப்பீட்டிலேயே உண்டு, வழக்கமாக எட்டு நாளில் 49 மணி நேரம், தேவைப்பட்டால் 80 வரை. நாம் மணிக்கு 5 யூரோவும் கொஞ்சமும் கட்ட வேண்டும்.

அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை, வர முடியவில்லை. நான் பயந்துதான் இருந்தேன். வந்தவர் முதலில் கட்டில் உயரத்தைத்தான் பார்த்தார், அவர் முதுகு வளையாமல் வேலை செய்ய நான்கு காலுக்கும் கட்டை வைத்து உயர்த்தியிருக்க வேண்டும் என்பது விதி. அப்புறம் பிள்ளையின் படுக்கையைச் சூடாக்கும் உலோக வெந்நீர்க் குப்பி: நிரப்பி, மூடி, தலைகீழாகப் பிடித்து உலுக்கி, ஒரு சொட்டும் கசியவில்லை என்று பார்த்த பிறகே உறை போட்டு, பிள்ளையிடமிருந்து ஓர் உள்ளங்கை அகலம் தள்ளி வைத்தார். என்னையும் செய்ய வைத்தார். வீடியோவில் பார்த்த அம்மா, "பழகின கைடி அது" என்றார். பிரசவத் தையலைக் கவனிப்பது, பால் கொடுக்கச் சொல்லித் தருவது, காய்ச்சல் கணக்கு, குளியலறை கழுவுவது எல்லாம் அவரே.

இங்கே பாசம் இல்லை என்று நம்மவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகள் இந்த ஊரில் ஏராளம். ஆனால் கல்யாணம் ஆனால் தனிக்குடித்தனம் என்பது பல நூற்றாண்டுப் பழக்கம், 1957 முதல் முதியவர் எல்லோருக்கும் அரசு ஓய்வூதியமும் இருப்பதால் பெற்றோர் மகன் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு ஓய்வூதியமும் சொந்தக்காரர்கள்தான், பிரசவம் பார்ப்பதும் சொந்தக்காரர்கள்தான், அதனால்தான் சித்தி பெரியம்மா யாரையும் விட்டுக்கொடுக்க முடிவதில்லை.

குறையும் உண்டு. எங்களுக்கு வந்த நிறுவனம் நான்காம் நாள் சொல்லாமல் ஆளை மாற்றியது, புதியவர் பால் கொடுக்கும் முறையையே வேறு மாதிரி சொல்ல, அன்று முழுக்க அழுதேன். இரவில் ஆள் கிடையாது. பூண்டுக் குழம்பும் கிடையாது, ரொட்டியும் சீஸும்தான். தாய்வீட்டில் மூன்று மாதம் படுத்திருப்போம், இங்கே ஒன்பதாம் நாள் நாமேதான்.

அதனால் பத்தியக் குழம்பு, லேகியம் முன்னாலேயே செய்து வையுங்கள். நேரம் போதாது என்று தோன்றினால் கடைசி நாள்வரை காத்திராமல் மருத்துவச்சியிடம் கேளுங்கள், கூட்டித் தர வழியுண்டு.